மலைக்கு வந்த டாக்டர்

2013 மார்ச்சில் 'பரதேசி' திரைக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் புத்தகம் வாசிக்கிற கூட்டம் அதைத் தன் ஊர்ப் படமாகத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது. படத்துக்கு ஆதாரமான நாவல் எங்கள் மாவட்டத்து மலையில் நடக்கிற கதை. ஆங்கிலத்தில் இருந்ததை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த இரா. முருகவேள் கோவை வழக்கறிஞர். அச்சிட்ட விடியல் பதிப்பகம் கோவைப் பதிப்பகம். படத்துக்கு வசனம் எழுதிய நாஞ்சில் நாடன் பிறந்தது வீரநாராயணமங்கலம் என்றாலும் வெகுகாலமாகக் கோவைவாசி. பதிப்பகத்தை நடத்திய விடியல் சிவாவுக்குத்தான் படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2012-லேயே போய்விட்டார்.

நான் போனது ஒரு நண்பனோடு. அவன் வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். படிப்புக்காகக் கீழே இறங்கி வந்து, பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். படத்தில் சனங்கள் மூட்டை முடிச்சோடு நாள்கணக்கில் நடக்கிற காட்சி வந்ததும் அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். கணக்குத் தீர்க்கிற காட்சியில், ஆண்டு முழுக்க உழைத்தவனுக்குக் கடைசியில் கடன்தான் மிச்சம் என்று சொல்லும்போது, அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு அந்த டாக்டர் வந்தார். கொள்ளைநோயில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் ஆடிப் பாடி மதம் மாற்றுகிறார். நண்பன் பின்னால் சாய்ந்தவன், படம் முடிகிறவரை அசையவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"என்னப்பா இது, டாக்டரையே மாத்திப்போட்டாங்க."

அந்த ஒரு வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. ஒரு நாவல் படமாகும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு முதலில் அதுதான் காதில் விழும்.

நாவலை எழுதிய பி.எச். டேனியல் ஒரு டாக்டர். நாற்பதுகளில் ஆனைமலை எஸ்டேட்டுகளுக்கு வேலைக்குப் போனவர். கிறிஸ்தவர். நோயாளிகளைப் பார்க்கப்போய் நோயின் காரணத்தைப் பார்த்தவர். குளிரும் மலேரியாவும் மட்டும் இந்தச் சனங்களைக் கொல்லவில்லை, மேஸ்திரி கொடுத்த முன்பணமும் துரையின் கணக்குப் புத்தகமும் சேர்ந்துதான் கொல்கின்றன என்று கண்டுகொண்டு, தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். முதியவர்களிடம் கேட்டதையும் தான் கண்டதையும் சேர்த்து 1969-இல் 'ரெட் டீ' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் பஞ்சத்துக்குப் பயந்து மேஸ்திரியின் பேச்சை நம்பி மலையேறுகிற கதை. அந்த நாவலிலும் ஒரு டாக்டர் வருகிறார். பொய் வைத்தியத்தில் செத்துக்கொண்டிருந்த சனங்களுக்கு முதன்முதலாக மனிதர் என்ற மரியாதையோடு மருந்து கொடுப்பவர் அவர்தான். டேனியலின் சாயல் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது.

தமிழில் இது வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. வால்பாறையில் கொழுந்து கிள்ளினவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டன் பாட்டி கதையைத் தங்கள் மொழியில் முதன்முதலாக வாசித்தார்கள். என் நண்பனிடம் இருந்த பிரதியில் அட்டை கிழிந்து, ஓரங்கள் மடங்கி, சில பக்கங்களில் டீக்கறை இருந்தது. லைனில் ஒவ்வொரு வீடாகச் சுற்றி வந்த புத்தகம் அது. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள் என்றான்.

அவனோடு ஒருமுறை மலைக்குப் போயிருந்தேன். பொள்ளாச்சியில் பஸ் ஏறி ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. அட்டகட்டி வரும்போது காது அடைக்கும். கவர்க்கல்லில் பனிமூட்டம் இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இந்தத் தோட்டங்களை உண்டாக்கினவர் என்று போற்றப்படுகிற கார்வர் மார்ஷ் துரைக்கு மலையில் சிலை இருக்கிறது. காட்டை வெட்டினவர்களுக்கு இல்லை. நண்பனின் பாட்டி லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டினாள். கெண்டைக்காலில் கருத்த புள்ளி புள்ளியாகத் தழும்புகள்.

"அட்டை கடிச்சது சாமி. உப்பும் பொகையிலையும் சுண்ணாம்பும் துணியில முடிஞ்சு குச்சியில கட்டி வெச்சுக்குவோம். தொட்டுத் தொட்டு எடுப்போம். அதுக்குள்ள இன்னொன்னு ஏறியிருக்கும்."

"ஆஸ்பத்திரி இருந்துச்சா பாட்டி?"

"எங்கம்மா காலத்துல எங்க ஆஸ்பத்திரி? எனக்கு மூத்தது ரெண்டு காய்ச்சல்ல போச்சாம். பொதைச்ச எடத்துல இப்ப தேயிலைதான் நிக்குது. பின்னாடிதான் டாக்டருங்க வந்தாங்க. யூனியன் வந்துச்சு. அப்பறந்தான் எங்கள ஆளா மதிச்சாங்க."

டாக்டரையும் யூனியனையும் அவள் சேர்த்துச் சொன்னது எனக்கு அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை. தியேட்டர் வாசலில் நண்பன் சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் முழுதாக உறைத்தது.

படமாக்குகிறபோது கருத்து மோதல் வருவது புதிதல்ல. கோவைக்கு அது ரொம்பப் பழைய சங்கதி. 'மலைக்கள்ளன்' எங்கள் ஊர் ஸ்டுடியோவில் எடுத்த படம். புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டுடியோ இருந்த காலத்தில் என் பெரியப்பா ஒருவர் அங்கே செட் வேலைக்குப் போய்வந்தார். குகை செட்டுக்குச் சாக்கும் களிமண்ணும் பூசிய கதையை வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். "கதர்க்காரர் கதை, கறுப்புச் சிவப்புக்காரர் வசனம்" என்று அந்தப் படத்தைப் பற்றி அவர் சொல்வார். அதற்கு மேல் விளக்கமாட்டார்.

விளக்கம் பின்னால் கிடைத்தது. நாவலை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் பிறந்தவர், ஓவியர், 1930 உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர், காந்தியவாதி, 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். அவர் கதையை வாங்கிய பட்சிராஜா முதலாளி எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, வசனத்துக்குக் கருணாநிதியைக் கேட்டார். கருணாநிதி அப்போது கல்லக்குடிப் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்தவர். கவிஞரின் கட்சியை மேடைதோறும் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர். ஒரு காந்தியவாதியின் கதையில் தான் கைவைத்தால் கவிஞருக்குப் பிடிக்குமோ என்று தயங்கினார். கதாநாயகன் எம்.ஜி.ஆர். வற்புறுத்தித்தான் ஒப்புக்கொண்டார் என்பது திரை வரலாறு எழுதியவர்கள் பதிந்துவைத்த செய்தி. அந்த இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதும் எங்கள் ஊரில்தான். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் 'ராஜகுமாரி' எடுத்தபோது கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார்.

பாட்டிலும் சண்டை இருந்தது. டி.எம். சௌந்தரராஜன் பாடி எம்.ஜி.ஆரின் கொள்கைப் பாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியாக நின்ற அந்தப் பாட்டின் பல்லவியைத் தஞ்சை ராமையா தாஸ் எழுதினார். நாயுடுவோடு மனத்தாங்கல் வந்து அவர் விலகிவிட, மீதியை முடித்துக் கொடுத்தவர் கோவை அய்யாமுத்து. அவரோ கதர் இயக்கத்தில் ஊறியவர். ஆக காந்தியவாதியின் கதை, திராவிட இயக்கத்தாரின் வசனம், நடுவில் கைமாறிய பாட்டு, எல்லாருக்கும் மேலே கண்டிப்புக்குப் பேர்போன ஒரு முதலாளி. இத்தனை இழுபறிக்கு நடுவில் வந்த படம் 1954 ஜூலையில் வெளியாகி, தமிழ்ப் படங்களில் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. தமிழோடு சேர்த்து ஆறு மொழிகளில் அந்தக் கதை படமானது. இந்தி 'ஆசாத்'துக்காகத் திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோயம்புத்தூருக்கு வந்தார்கள்.

இதில் என் மனசுக்குப் பட்டது ஒன்று. கவிஞரின் கள்ளன் எளியவனுக்கு உதவுகிறவன். கருணாநிதியின் வசனத்திலும் அவன் எளியவன் பக்கமே நின்றான். அரசியல் எதிரிகள் இருவர் அந்த ஒரு இடத்தில் ஒத்துப்போனதால் கதை பிழைத்தது. பட்சிராஜா பிழைக்கவில்லை. நாயுடு பின்னால் பெங்களூருக்குப் போய்ச் சாமுண்டேஸ்வரி ஸ்டுடியோவைத் தொடங்கினார். சினிமா எடுக்கிற ஊராக இருந்த கோவை சினிமா பார்க்கிற ஊராகச் சுருங்கிப்போனது. பெரியப்பாவும் ஸ்டுடியோ வேலை போனபின் மரக்கடையில் கூலிக்கு நின்றார்.

மாற்றுவதே தப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'முள்ளும் மலரும்' உமாசந்திரனின் நாவல். கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கிறது. மகேந்திரன் 1978-இல் அதைப் படமாக்கியபோது லாரி பறித்தது. நாவலின் முடிவையும் அவர் விட்டுவிட்டார். தயாரிப்பாளர் வேணு செட்டியார் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, வசனமே இல்லையே என்று கொதித்தார். ஒரு பாட்டுக் காட்சி எடுக்கப் பணம் தர மறுத்துவிட, கமல்ஹாசன் செலவை ஏற்றார். இதையெல்லாம் மகேந்திரனே சொல்லியிருக்கிறார். ஆனால் அண்ணன் தங்கைப் பாசம் என்ற உயிர்நாடி அறுபடவில்லை. கை போனவனின் வீம்பு அறுபடவில்லை. நாவலாசிரியரின் கதையில் புலி இருந்ததா லாரி இருந்ததா என்று யாரும் இன்று கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை.

'பரதேசி'யிலும் நிறைய மாற்றங்கள் நியாயமானவை. நாவலில் கருப்பனும் வள்ளியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். படத்தில் ராசா அங்கம்மாவை ஊரில் விட்டுவிட்டுப் போகிறான். கடைசியில் அவளும் குழந்தையோடு அதே நரகத்துக்கு வந்து சேர்கிறாள். அவன் பாறையில் உட்கார்ந்து கதறுகிறான். இது நாவலில் இல்லை. ஆனாலும் நாவலின் வேதனை அதில் இருக்கிறது. ராசாவின் வெகுளித்தனத்துக்கு நாஞ்சில் நாடனின் 'இடலாக்குடி ராசா' சிறுகதை உதவியது. சோற்றுக்கு அலையும் ஒருவனை அவமானப்படுத்திச் சிரிக்கிற ஊரை அந்தக் கதை காட்டியது. இயக்குநர் பாலா அவனை அப்படியே மலைக்கு அனுப்பினார். செழியனின் ஒளிப்பதிவில் அந்த வறண்ட ஊரும் பச்சைத் தோட்டமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பூர்ணிமா ராமசாமியின் சாக்குத்துணி உடைகளுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் குறைத்துப் பேச மாட்டேன்.

படம் வருமுன் ஒரு முன்னோட்டம் வந்தது. பாலா நடிகர்களைக் கம்பால் அடிப்பதுபோல் இருந்ததைப் பார்த்து நாடெங்கும் கூச்சல். எப்படி அடிக்க வேண்டும் என்று நடித்துக் காட்டியதுதான், கம்பும் நிஜமில்லை என்று படக்குழு விளக்கம் சொன்னது. பத்திரிகைகள் அதைப் பற்றியே பேசின. டாக்டரைப் பற்றிய கேள்வி அந்தக் கூச்சலுக்கு அடியில் போய்விட்டது. கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. நாவலை வாசித்தவர்கள் கேட்டார்கள்: தொழிலாளிக்காக நின்ற ஒரு கிறிஸ்தவ டாக்டர் எழுதிய சாட்சியத்தை எடுத்துக்கொண்டு, அதில் வருகிற டாக்டரை ஆடுகிற மதமாற்றியாக்குவது எந்த நியாயம்? இயக்குநரின் பெயரில் வருகிற படத்துக்கு இயக்குநர்தான் பதில் சொல்ல வேண்டும். வசனம் எழுதினவரை இதில் இழுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். நாவலாசிரியராக நாஞ்சில் நாடன் அந்தப் பக்கத்தையும் பார்த்தவர். அவருடைய 'தலைகீழ் விகிதங்கள்' 2002-இல் தங்கர் பச்சானின் 'சொல்ல மறந்த கதை' ஆனது. எழுத்தாளன் கொடுத்ததில் எவ்வளவு திரைக்குப் போகும், எவ்வளவு வெட்டுமேஜையில் விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மதமாற்றம் மலைத்தோட்டங்களில் நடந்ததா என்று கேட்டால், நடந்திருக்கும். அதை விமர்சித்து ஒருவர் படம் எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். ஆனால் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இந்தச் செத்தவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்காகப் பேசிய ஒரே படித்த மனிதனை அவர்களைக் கைவிட்டவனாக மாற்றியது அநியாயம். அந்தப் படத்தைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு வால்பாறை டாக்டர் என்றால் அந்த ஆட்டம்தான் ஞாபகம் வரும். லைன் வீட்டுப் பாட்டிக்கு ஞாபகம் இருந்தது வேறு.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் கோவையிலிருந்துதான் கிளம்பியது. ஆட்டோ ஓட்டுகிற மு. சந்திரகுமார், 1983-இல் குண்டூரில் தான் பிடிபட்டு அடிபட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் பிரித்து மேய்கிற நாட்கள். 2006-இல் புத்தகம் வந்தது. வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார்.

நாவலிலிருந்து அந்தப் படம் விலகிப்போன தூரம் 'பரதேசி'யை விடவும் அதிகம் என்றே சொல்வேன். காலம் மாறியது. படத்தின் பின்பாதி முழுக்கத் தமிழ்நாட்டுப் போலீஸ், அரசியல் பணம், போலி என்கவுன்டர். அது சந்திரகுமாரின் புத்தகத்திலேயே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம்: புத்தகத்தில் சொல்கிறவன் உயிரோடு வெளியே வந்து எழுதுகிறான், படத்தில் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். 2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது. ஆம்னஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை தந்த விருதையும் அங்கே பெற்றது. அப்போது சந்திரகுமாரும் வெனிஸில் இருந்தார். தன் கதையில் தான் செத்துப்போவதை ஒரு மனிதர் அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

ஆனாலும் 'லாக்கப்' வாசித்துவிட்டு 'விசாரணை' பார்த்தவர்கள் யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. அடிக்கிறவன் யார், அடிபடுகிறவன் யார் என்பதில் வெற்றிமாறன் ஒரு இம்மியும் பிசகவில்லை. சந்திரகுமாருக்குக் கிடைத்த தப்பிப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்று, திரும்பி வராதவர்களின் முடிவையும் சேர்த்துச் சொன்னார். சாட்சியம் கனத்தது. படத்துக்குத் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது வந்தது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது.

கோவை ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பேன். இவரும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும்.

நண்பன் பிறகு பவுண்டரி வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டான். பாட்டி இறந்தபோது காரியத்துக்கு மலைக்குப் போனேன். லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் எல்லாம் திருப்பூர், கோவை என்று கீழே இறங்கிவிட்டார்கள். கொழுந்து எடுக்க வடக்கிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அசாமிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து. அவர்களையும் யாரோ ஒருவர் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்திருப்பார். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் ஆஸ்பத்திரியும் கொடுக்க வேண்டியது எஸ்டேட்டின் கடமை என்று சொன்னது. அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் இருக்கிற முழுமையான கதைப்பதிவு அந்த டாக்டர் எழுதின புத்தகம்தான்.

காரியம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, வயதான ஒருவரிடம் 'பரதேசி' பார்த்தீர்களா என்று கேட்டேன். டி.வி.யில் போட்டபோது பார்த்தாராம்.

"நடந்து வந்ததெல்லாம் நெசம் தம்பி. கணக்கு தீக்கறது நெசம். அந்த டாக்டருதான் யாருன்னு தெரியல. எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டரு அப்பிடி இல்ல."

ஆகவே 'பரதேசி' பார்த்தவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். 'எரியும் பனிக்காடு' தமிழில் கிடைக்கிறது. வாங்கி வாசியுங்கள். படத்தில் நீங்கள் பார்த்த டாக்டரை அதில் காண மாட்டீர்கள். மலைச்சனங்கள் அறிந்த டாக்டர் அதில்தான் இருக்கிறார்.